ஒரு நூல் குறைந்தால்

முக்கூடலில் ஏழு மணி பஸ்ஸை விட்டுவிட்டேன்.
விட்டுவிட்டேன் என்று சொல்வது வழக்கம்.
அது நிற்கவில்லை.

கொம்பையாவின் லோடு ஆட்டோவில்
வாழைத்தாரோடு வாழைத்தாராக
சக்கர நாற்காலியைக் கட்டிக்கொண்டு
சேரன்மகாதேவி வந்து இறங்கினேன்.

வருஷத்துக்கு ஒருமுறை
நான் உயிரோடு இருப்பதையும்
கால் இன்னும் அப்படியே இருப்பதையும்
தாலுகா ஆபீஸில் காட்டிவிட்டு வரவேண்டும்.
ஐந்து வயதில் சூம்பிய கால்.
நாற்பத்தொரு வருஷமாக
ஒரே மாதிரிதான் நடந்துகொள்கிறது.
சர்க்காருக்குத்தான் சந்தேகம்.

மூன்று படி. பக்கத்தில் ஒரு சாய்தளம்.
யாரோ பெரிய ஆள் வருகிறார் என்று
போன மாசம் ஒரே ராத்திரியில் பூசியது.
ஈர சிமெண்டில் ஒரு நாயின் தடம்.
பாதிவரை ஏறிப் பார்த்துவிட்டுத்
திரும்பியிருக்கிறது.
அடியில் இரண்டு பைக்.
உச்சியில் வாசலை அடைத்து
ஒரு குரோட்டன்ஸ் தொட்டி.

"தூக்கி விட்டுருதோம்க்கா,
நீங்க வெயிட்டே இருக்க மாட்டிய"
என்றான் டீ கொண்டுபோன பையன்.
நல்ல பையன்.
தூக்கியவர்கள் எல்லாருமே நல்லவர்கள்தான்.
பள்ளிக்கூடத்து வாட்ச்மேன்,
பஸ் கண்டக்டர்,
ஓட்டுச்சாவடியில் கட்சிக்கு ஒருவராக நாலு பேர்.
அதில் ஒரு கை மட்டும்
தேவைக்கு மேல் அரை நிமிஷம் இருந்தது.
எந்தக் கை என்று இன்றைக்கும் தெரியும்.

"வேண்டாம்பா" என்றேன்.

மடியில் பீடித்தட்டு.
காத்திருக்கும் நேரத்தில்
இரண்டு கட்டாவது சுற்றலாம் என்று எடுத்துவந்தது.
கத்தரி, இலை வெட்டும் தகடு, ரோஸ் நூல்கண்டு.

சங்கத்துக் கூட்டத்தில்
வீரவநல்லூர் வடிவு சொல்லியிருந்தாள்:
ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம்,
விதியிலேயே இருக்காம்.
படி ஒன்று ஆறு அங்குலம்.
மூன்று படி, ஒன்றரை அடி.
அப்படியென்றால் பதினெட்டு.

என் தகடு மூன்று அங்குலம்.
எழுபத்திரண்டு தடவை வைத்து நூலை அளந்தேன்.
இது கைக்குத் தெரிந்த கணக்கு, பிசகாது.

டீப் பையன் ஒரு முனையை உச்சியில் பிடித்துக்கொண்டான்.
மறுமுனையைப் பல்லில் கடித்துக்கொண்டு
சக்கரத்தைப் பின்னுக்கு உருட்டினேன்.
நாலாவது அடியில் சாய்தளம் முடிந்தது.
நூல் முடியவில்லை.
பைக்குகளின் மேலாக,
வேப்பம்பழம் மிதிபட்ட மண்ணைத் தாண்டி,
மனு எழுதுகிறவரின் பெஞ்சைத் தாண்டி,
தாசில்தார் ஜீப்பின் முன்சக்கரத்தில் போய் நின்றது.

ஆட்கள் கூடினார்கள்.
கிளார்க் இறங்கி வந்தார்,
மூன்று படியையும் இரண்டே எட்டில்.
"என்னம்மா தங்கபுஷ்பம்,
கையெழுத்த இங்கனயே வாங்கிக்கிடுதேன்.
எதுக்கு இந்த வேலை?"

வாயிலிருந்து நூலை எடுத்துவிட்டுச் சொன்னேன்.
"போட்டுருதேன் சார்.
நாங்க சுத்துத பீடியில
இலை ஒரு நூல் குறைஞ்சாலும்
கம்பெனிக் கணக்கர் கழிவுன்னு தள்ளிருவாவ.
கூலியும் கிடையாது, இலைக்காசும் பிடிப்பாவ.
இதுல பதினாலு அடி குறையுது.
இதக் கழிவுன்னு தள்ளுனது யாரு?
யார் கூலியில பிடிச்சிய?"

அவர் ஜீப்பைப் பார்த்தார்.
மனு எழுதுகிறவர் சிரித்துவிட்டு
உடனே இருமிக்கொண்டார்.

அவரையே ஒரு மனு எழுதச் சொன்னேன்.
காசு கேட்கவில்லை.
கடைசியில் 'இணைப்பு: நூல் ஒன்று' என்று போட்டார்.
விரலில் சுற்றிக் கழற்றி
குண்டூசியால் தாளில் குத்தினேன்.

"இதெல்லாம் ஃபைல்ல வைக்க முடியாதும்மா."

"அப்போ தரையில வைங்க சார்.
வைக்கவேண்டிய இடம் அதுதான்."

ரசீதில் எண் தெளிவாக விழவில்லை,
மறுபடியும் முத்திரை குத்தச் சொல்லி வாங்கினேன்.
கிளம்பும்போது பார்த்தேன்.
ஒரு பைக்கை எடுத்திருந்தார்கள்.
தொட்டி அப்படியே இருந்தது.

ராத்திரி ஏழு கட்டுக்குமேல் நூல் பற்றவில்லை.
பக்கத்து வீட்டு ராசக்கிளியிடம் கடன் கேட்டேன்.
"நேத்துதானட்டி புதுக்கண்டு வாங்குன?"
ஆபீஸில் விட்டுவிட்டு வந்தேன் என்றேன்.